திரையில் இருக்கும் பொத்தான் சோதனை நிரலுக்கு ஏன் தெரிவதில்லை?

கைபேசித் திரையின் நடுவில் 'உறுதி செய்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட விரல் வைத்துக் காட்டிவிடும். அதே பொத்தானைத் தானாக அழுத்திப் பார்ப்பதற்கென்று எழுதிய சோதனை நிரலோ, 'அப்படி ஓர் உறுப்பு கிடைக்கவில்லை' என்று சிவப்பு எழுத்தில் சாதிக்கிறது. மொரீஷியஸின் தொழில்நுட்ப மையமான எபேன் சைபர் நகரத்தில் செயலிச் சோதனைப் பணிக்குப் புதிதாகச் சேர்பவர் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளக்கூடிய சுவர் இது. எல்லா நாட்டிலும் இந்தச் சுவர் உண்டு; மொரீஷியஸில் அது இன்னும் கொஞ்சம் உயரம். அலுவலகத்தில் ஆங்கிலம், செய்தித்தாளில் பிரெஞ்சு, வீட்டில் கிரியோல், கோயிலில் தமிழ் என்று வாழும் தீவில் ஒரே பொத்தானுக்கு நான்கு பெயர் வைக்க வேண்டியிருக்கிறது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைச் செயலியை எடுத்துக்கொள்வோம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் கோயிலில் முன்கூட்டியே பெயர் பதிவதற்கான செயலி. பெயர், காவடி வகை, நேரம், காணிக்கை, கடைசியில் 'உறுதி செய்'. நான்கு மொழியிலும் இயங்க வேண்டும். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை நாள். கடைசி வாரத்தில் கூட்டம் முண்டியடிக்கும்போது செயலி படுத்துவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு முறை நிரலைத் திருத்தும்போதும் ஆள் உட்கார்ந்து அழுத்திப் பார்ப்பதற்குப் பதிலாக, ஒரு சோதனை நிரல் அதே வேலையைச் செய்து பார்க்கிறது. இதுதான் தானியங்கிச் சோதனை.

## நிரலுக்குக் கண் கிடையாது

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். சோதனை நிரல் திரையின் படத்தைப் பார்ப்பதில்லை. கைபேசியின் இயங்குதளம் திரையில் உள்ளவற்றை ஒரு மரமாக அடுக்கிக் கொடுக்கிறது: வேரில் முழுத் திரை, கிளைகளில் பெட்டிகள், இலைகளில் பொத்தானும் எழுத்தும் படமும். இதை உறுப்பு மரம் என்போம். முதன்மையாக இது சோதனையாளர்களுக்காக வந்தது அல்ல. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டின் டாக்பேக், ஐஃபோனின் வாய்ஸ்ஓவர் ஆகியவற்றுக்கு இப்படியொரு மரம் தேவைப்படுகிறது. சோதனைக் கருவிகளும் அதே மரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

மரத்தின் ஒவ்வோர் இலையிலும் சில பண்புகள் ஒட்டியிருக்கும். ஆண்ட்ராய்டில் முக்கியமானவை நான்கு:

1. வாசகம்: பொத்தானின் மேல் எழுதியிருப்பது.
2. விளக்கக் குறிப்பு: படம் மட்டுமே உள்ள பொத்தானுக்குத் திரை வாசிப்பான் உரக்கச் சொல்ல வேண்டிய சொல்.
3. அடையாளப்பெயர்: நிரலாளர் உள்ளுக்குள் வைத்த பெயர். பயனரின் கண்ணில் படாது.
4. எல்லை: திரையில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை.

ஐஃபோனிலும் இவற்றுக்கு நிகரானவை உண்டு, பெயர்கள்தாம் வேறு. கூகுளின் யூஐ ஆட்டோமேட்டர், ஆப்பிளின் எக்ஸ்சியூஐடெஸ்ட், இரண்டையும் ஒரே வாசல் வழியாக ஓட்டும் ஆப்பியம் ஆகிய கருவிகள் இந்தப் பண்புகளில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் உறுப்பைத் தேடுகின்றன. கூகுளின் எஸ்பிரெஸ்ஸோ செயலிக்கு உள்ளேயே இருந்து ஓடுவதால் இன்னும் நெருக்கமாகப் பார்க்கும். ஃப்ளட்டர் என்ற கூகுள் கட்டமைப்பில் எழுதிய செயலிகளின் கதை தனி. அது பொத்தானைத் தானே வரைந்துகொள்கிறது. திரை வாசிப்பானுக்கென்று அது தனியாக எதை எழுதிக் கொடுக்கிறதோ, அது மட்டுமே வெளியிலிருந்து பார்க்கும் கருவிக்குக் கிடைக்கும்.

## வாசகத்தால் தேடுவது

நான்கு பண்புகளில் வாசகம்தான் எல்லாருக்கும் முதலில் கைக்கு வருகிறது. 'உறுதி செய் என்ற பொத்தானை அழுத்து' என்று நாம் பேசுவது போலவே எழுதிவிடலாம். நிரலைப் படிக்கும் கோயில் செயலாளருக்கும் புரியும். நிரலாளரைக் கெஞ்சி அடையாளப்பெயர் வாங்க வேண்டியதில்லை.

தேடும் முறைகள் சில உண்டு: முழு வாசகமும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும் என்பது ஒன்று, வாசகத்துக்குள் இந்தத் துண்டு இருந்தால் போதும் என்பது இன்னொன்று, இப்படித் தொடங்க வேண்டும், இந்த வடிவத்துக்கு அடங்க வேண்டும் என்பவை மற்றவை. யூஐ ஆட்டோமேட்டரில் ஒரு விசித்திரம் கவனிக்கத்தக்கது. அதன் பழைய தேடுமுறையில் முழுப் பொருத்தம் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும். 'உள்ளே இருந்தால் போதும்' என்ற தேடல் பார்க்காது. ஒன்று தோற்று மற்றது வென்றால் மந்திரம் என்று நினைக்க வேண்டாம். ஆவணத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இணையதளச் சோதனையிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு குழிகள் காத்திருக்கின்றன. அங்கே மரத்தில் தேடுவதற்கு எக்ஸ்பாத் என்ற மொழி. 'டெக்ஸ்ட்' என்று எழுதி வெற்று அடைப்புக்குறி போட்டால் வாசகம் கிடைக்கும். கைபேசி மரத்தில் வாசகம் ஒரு பண்பாக ஒட்டியிருப்பதால், அடைப்புக்குறிக்குப் பதிலாக முன்னால் 'ஆட்' (@) குறி போட வேண்டும். ஐஃபோனில் அந்தப் பண்பின் பெயரே வேறு: 'லேபிள்'. பழைய வழிமுறையை அப்படியே ஒட்டினால் பிழை வராது. வெறும் பூச்சியம் வரும். இது பிழையைவிட மோசம். இரண்டாவது குழி, பழைய பாடங்களில் வரும் 'பெயரால் தேடு' என்ற ஆப்பியத்தின் வழி. 1.5 பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள். பாடங்களை யாரும் எடுக்கவில்லை.

## எங்கெல்லாம் உடைகிறது?

1. மொழி மாறும்போது. இது எதிர்பார்த்ததே. சோதனை ஓடும் மெய்நிகர்க் கைபேசி (கணினிக்குள் இயங்கும் போலிக் கைபேசி) பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலத்தில் விழித்தெழும். நிரல் 'உறுதி செய்' என்று தேடும். திரையில் 'கன்ஃபர்ம்' இருக்கும். ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக மொழி வைக்கலாம் என்பதால் குழப்பம் ஒரு படி ஏறியிருக்கிறது: கைபேசி பிரெஞ்சில், செயலி தமிழில், இடையில் தோன்றும் 'இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா' என்ற இயங்குதளப் பெட்டி மறுபடியும் பிரெஞ்சில்.

இன்னொன்று இந்தத் தீவுக்கே உரியது. பிரெஞ்சிலும் கிரியோலிலும் இந்தப் பொத்தானை 'கொன்ஃபிர்மே' என்றே சொல்வோம். காதுக்கு இரண்டும் ஒன்று. பிரெஞ்சில் எழுதும்போது ஆங்கிலத்தைப் போல 'சி' எழுத்தில் தொடங்கி, ஒலிக்காத 'ஆர்' எழுத்தில் முடியும்; கிரியோல் எழுத்துமுறையில் 'கே' எழுத்தில் தொடங்கி, ஒலிக்கும் இடத்தோடு நின்றுவிடும். கிரியோலுக்கு இந்த எழுத்துமுறை 2011-இல் முறைப்படுத்தப்பட்டு 2012 முதல் தொடக்கப் பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. அதற்கு முன் பள்ளி முடித்தவர் கிரியோல் வாசகத்தைப் பிரெஞ்சு மணத்தோடு எழுதிக் கொடுப்பார்; இளையவர் புதுமுறையில் திருத்துவார். பயனர் யாரும் கவனிக்க மாட்டார்கள். அன்றிரவு சோதனை தோற்று விழும்.

2. ஒரே சொல் இரண்டு இடத்தில். திரையின் தலைப்பும் 'காவடி', கீழே உள்ள பிரிவும் 'காவடி'. கருவி முதலில் கண்டதை அழுத்தும். தலைப்பை அழுத்தினால் எதுவும் நடக்காது. நிரல் 'அழுத்திவிட்டேன்' என்று மகிழ்ச்சியாக அடுத்த வரிக்குப் போய் அங்கே விழும். காரணம் ஓரிடம், காயம் வேறிடம்.

3. பெரிய எழுத்து. ஆண்ட்ராய்டின் சில பொத்தான் பாணிகள் நிரலாளர் எழுதிய வாசகத்தைத் திரையில் முழுக்கப் பெரிய எழுத்தாக்கிக் காட்டும். வெளியிலிருந்து பார்க்கும் கருவிக்குப் பெரும்பாலும் மாறிய வடிவமே கிடைக்கிறது. ஆங்கிலச் சோதனையும் பிரெஞ்சுச் சோதனையும் விழுந்து தமிழ்ச் சோதனை மட்டும் வென்றால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம். நம் எழுத்தில் பெரிது சிறிது கிடையாது. நமக்குக் கிடைக்கும் ஒரே சலுகை இது; அனுபவித்துக்கொள்ளுங்கள்.

4. பிரெஞ்சின் கண்ணுக்குத் தெரியாத குறிகள். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் வரும் சிறுசொல் பிரெஞ்சில் தன் உயிரை உதிர்த்துவிட்டு மேலே ஓர் அபோஸ்ட்ரஃபி குறி (') போட்டுக்கொள்ளும். அந்தக் குறி விசைப்பலகையில் உள்ள நேர்க்குறியா, அச்சுக்கூடத்து வளைந்த குறியா என்பது மொழிபெயர்ப்பாளர் எந்த மென்பொருளில் தட்டினார் என்பதைப் பொறுத்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கருவிக்கு வேறு வேறு. போதாக்குறைக்கு எக்ஸ்பாத்தின் முதல் பதிப்பில் வாசகத்தைச் சூழும் குறியும் இதே நேர்க்குறியாக இருந்தால் வரி பாதியில் அறுந்துபோகும்.

பிரெஞ்சில் கேள்விக்குறிக்கும் முக்காற்புள்ளிக்கும் முன்னால் விடும் இடைவெளியும் சாதாரண இடைவெளி அல்ல, வரி உடையாத தனி எழுத்து. ஆயிரத்தைப் பிரிக்கும் இடைவெளி அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. மொழி வாரியான எண் வடிவங்களைத் தொகுக்கும் யூனிகோட் தரவுத்தொகுப்பு, 2018-இல் வந்த 34-ஆம் பதிப்பில் பிரெஞ்சுக்கான அந்த இடைவெளியை ஒடுக்கமான வேறோர் எழுத்தாக மாற்றியது. பழைய கைபேசியில் '1 250 ரூபாய்' என்று தேடி வென்ற சோதனை, புதிய கைபேசியில் '1 250 ரூபாய்' என்பதைப் பார்த்து 'இது இல்லை' என்னும். இரண்டையும் அச்செடுத்து அருகருகே வைத்துப் பார்த்தாலும் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

5. தமிழின் கொம்பும் காலும். இங்கேதான் நிதானிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகளில் இது தேறாது.

'கோயில்' என்ற சொல்லை எடுங்கள். பார்வைக்கு மூன்று எழுத்து. கணினிக்குள் ககரம், ஓகாரக்குறி, யகரம், இகரக்குறி, லகரம், புள்ளி என்று ஆறு. இந்த ஓகாரக்குறியை யூனிகோட் இரண்டு வகையாக எழுத அனுமதிக்கிறது: ஒரே குறியாக, அல்லது இரட்டைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று பிரித்து. பிரித்து எழுதினால் அதே 'கோயில்' ஏழு குறிகளாகிவிடும். திரையில் வரையும்போது இரண்டும் ஒரே உருவம். பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்பை யூனிகோடுக்கு மாற்றும் சில மாற்றிகள் பிரிந்த வடிவத்தைத் தரும். இன்றைய விசைப்பலகைகள் சேர்ந்த வடிவத்தைத் தரும். கோயிலின் பழைய அறிவிப்பிலிருந்து ஒருவர் வாசகத்தை ஒட்ட, சோதனை நிரலில் இன்னொருவர் புதிதாகத் தட்ட, இரண்டும் சந்திப்பதே இல்லை.

இதற்கு மருந்து இருக்கிறது. இரண்டு பக்க வாசகத்தையும் ஒப்பிடும் முன் யூனிகோட் இயல்பாக்கம் என்ற படியில் செலுத்தினால் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகிவிடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இது பலிக்கும். ஆனால் இந்த மருந்துக்குக் கட்டுப்படாத நோய்களும் உண்டு. பதிவுப் பட்டியலில் 'சௌந்தரி' என்று ஒரு பெயர். அதை ஒருவர் ஔகாரக்குறியால் எழுதுவார். இன்னொருவர் ஒற்றைக்கொம்பு போட்டு, பின்னால் ளகரத்தைத் தனி எழுத்தாகத் தட்டி 'செளந்தரி' ஆக்குவார். யூனிகோடின் கண்ணில் இவை முற்றிலும் வேறு சொற்கள். இயல்பாக்கம் தொடவே தொடாது. 'ஔவை', 'ஒளவை' இரண்டும் அப்படியே. 'ஸ்ரீ' எழுதவும் இரண்டு வழி உண்டு: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. திருமுருகன் பெயருக்கு முன்னால் இதைப் போடாத கோயில் அழைப்பிதழ் எது?

6. துண்டு தேடலும் தமிழ்ப் புணர்ச்சியும். முழுப் பொருத்தம் உடைகிறதென்று பலரும் 'உள்ளே இருந்தால் போதும்' தேடலுக்குத் தாவுகிறார்கள். தமிழில் அது இரண்டு பக்கமும் வழுக்கும். 'பதிவு' என்று தேடினால் 'முன்பதிவு', 'பதிவுக் கட்டணம்', 'பதிவுகள்' எல்லாம் வந்து நிற்கும். 'கோயில்' என்று தேடினால் 'கோயிலில்' வராது! நம் கண்ணுக்கு அந்தச் சொல் உள்ளேயே இருக்கிறது. குறிகளாகப் பிரித்தால் தேடலில் லகரத்துக்குப் பின் புள்ளி; திரையில் லகரத்துக்குப் பின் இகரக்குறி. பொருந்தாது. 'படம்' தேடினால் 'படத்தை' கிடைக்காததற்கு இலக்கணமே காரணம். அதைக் கணினி மேல் போட முடியாது.

'சொல் முழுதாக இருக்க வேண்டும்' என்று வடிவத் தேடலில் எல்லை வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பைத்தான் நிரல்மொழியுடன் வரும் வடிவத் தேடல் நூலகம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. அதன் பார்வையில் 'காவடி' என்ற சொல் ககரத்தோடு முடிந்துபோகிறது.

இதோடு ஒற்றுப் பிரச்சினையும் சேரும். 'உறுதி செய்', 'உறுதிசெய்', 'உறுதிச் செய்' என்று மூன்று கைகள் மூன்று விதமாக எழுதும். மூன்றாவது பிழை. மெய்ப்புத் திருத்துபவர் அதைச் சரிசெய்வது நற்செயல். அந்த நற்செயலுக்கு அடுத்த நாள் காலையில் பதினைந்து சோதனைகள் விழுந்து கிடந்தால், திருத்தியவரைக் குறை சொல்வது அநியாயம்.

7. எண்களும் நாட்களும். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் அச்சாகின்றன. 'நோட்டில் இருக்கிறதே, நம் செயலியில் ஏன் கூடாது' என்று கோயில் குழுவில் ஒருவர் கேட்பது இயல்பு. தமிழ் மொழியைத் தேர்ந்தாலும் கைபேசிகள் இயல்பாக 1, 2, 3 என்றே காட்டும். தமிழ் எண் வேண்டுமென்றால் நிரலில் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் வரும் சிக்கல், தமிழ் எண்ணும் எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள். ௧ என்பது எண் ஒன்று, க என்பது எழுத்து. ௨, உ, ௭, எ, ௮, அ. விசைப்பலகையில் எண்ணைத் தேடிக் கிடைக்காதவர் எழுத்தைத் தட்டிவிட்டால் பக்தருக்குத் தெரியாது, அர்ச்சகருக்கும் தெரியாது. 'எண் இருக்க வேண்டும்' என்று பார்க்கும் சோதனைக்கு மட்டும் தெரியும். இது வாசகத் தேடல் நமக்குச் செய்யும் உதவி என்றே சொல்ல வேண்டும்.

நாளும் அப்படித்தான். 'இன்று', 'நாளை' என்று காட்டும் திரையில் அந்த வாசகத்தைத் தேடும் சோதனை, சோதனை எந்நேரம் ஓடுகிறது என்பதையும் சேர்த்தே சோதிக்கிறது. மொரீஷியஸ் உலக நேரத்துக்கு நான்கு மணி முந்தியது. நம் நள்ளிரவுக்கும் அதிகாலை நான்குக்கும் இடையில், உலக நேரத்தில் ஓடும் சர்வருக்கு இன்னும் நேற்றுதான். இரவில் ஓடவிட்ட சோதனை விழுகிறது, காலையில் வந்து ஓட்டினால் வெல்கிறது என்றால் பேய் தேட வேண்டாம்.

## வரிசை எண்ணால் தேடினால்?

வாசகம் இப்படிக் கழுத்தறுக்கிறது என்று சிலர் 'மேலிருந்து மூன்றாவது பொத்தான்' என்று எண்ணித் தேடத் தொடங்குகிறார்கள். இதைவிடப் பலவீனமான வழி, திரையின் இந்தப் புள்ளியில் அழுத்து என்பது ஒன்றுதான்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை இந்தத் தீவில் வாழ்பவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ் என்பது பழைய வழக்கம். 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழ் ஓரிடம் கீழே போயிற்று. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையோடு மறுபடி அச்சாகின. அந்த நோட்டில் எழுத்துக்கள் எல்லாம் இருந்தன, சொற்பிழை எதுவும் இல்லை. இடம் மட்டுமே மாறியிருந்தது. 'இரண்டாவது வரியில் உள்ளது தமிழ்' என்று எண்ணிப் படிக்கும் நிரல் அந்த நோட்டில் வேறொரு மொழியைத் தமிழ் என்று வாசித்திருக்கும். செயலியிலும் வடிவமைப்பாளர் ஒரு பொத்தானை நடுவில் செருகினால் போதும். வாசகத் தேடல் இல்லையென்று சொல்லித் தோற்கும். வரிசைத் தேடல் தவறான பொத்தானை அழுத்தித் தோற்கும். அந்தத் தவறான பொத்தான் 'ரத்து செய்' ஆகவும் இருக்கலாம்.

## அடையாளப்பெயரும் அதன் தவறான பயனும்

தேடுவதற்கு நம்பகமானது அடையாளப்பெயர். மொழி மாறினாலும், ஒற்று திருந்தினாலும், இடைவெளி ஒடுங்கினாலும் அது மாறாது. இதை நிரலாளர்தான் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பதே சங்கடம். 'நேரமில்லை' என்பார். ஜெட்பேக் கம்போஸ் என்ற கூகுள் கருவியால் எழுதிய ஆண்ட்ராய்டுத் திரைகளில் சோதனைக்குறி ஒன்று வைத்து, அதை வெளிக்கருவிகளுக்கும் தெரியும்படி ஒரு வரியில் திறந்துவிட வேண்டும். ரியாக்ட் நேட்டிவ் என்ற செயலி எழுதும் கட்டமைப்பில் அதற்கென்றே ஒரு பண்பு இருக்கிறது. ஐஃபோனில் திரை வாசிப்பான் சொல்லும் பெயர் வேறு, அடையாளப்பெயர் வேறு என்று இரண்டு தனித்தனி இடங்கள் உள்ளன.

ஆண்ட்ராய்டில் நடக்கும் ஒரு குறுக்குவழியைச் சொல்லாமல் விட முடியாது. ஆப்பியத்தில் 'அணுகல் அடையாளம்' என்ற தேடுமுறை ஆண்ட்ராய்டில் விளக்கக் குறிப்பைப் பார்க்கிறது. இரண்டு தளத்துக்கும் ஒரே நிரல் போதும் என்ற ஆசையில், அந்த விளக்கக் குறிப்பில் 'பொத்தான் அடிக்கோடு உறுதி அடிக்கோடு இரண்டு' என்பது போன்ற உள்பெயரைத் திணித்துவிடுகிறார்கள். சோதனை பச்சை விளக்குக் காட்டுகிறது. பார்வையற்ற ஒருவர் காவடிக்குப் பதிய வரும்போது டாக்பேக் அந்த அடிக்கோடுகளை எல்லாம் அவர் காதில் வரிசையாக ஓதுகிறது. மரம் அவருக்காக வளர்த்தது. நாம் அதில் ஆணி அடித்து நம் பையை மாட்டியிருக்கிறோம். இது சோதனையின் பெயரால் செயலியைக் கெடுப்பது, வேறெதுவும் இல்லை.

ஆக, எதை எப்போது பிடிப்பது? என் கணக்கு இது:

1. உறுப்பைத் தேட அடையாளப்பெயர்.
2. அது இல்லாத இயங்குதளப் பெட்டிகளுக்கும் பிறர் எழுதிய திரைகளுக்கும் வாசகம், மொழியைக் கட்டாயமாகப் பூட்டிவைத்த பிறகு.
3. நீளப் பட்டியலில் ஒரு வரியைப் பிடிக்க வாசகத்தை விட்டால் வழியில்லை. 'பால் காவடி' என்ற வரிதான் வேண்டும். கண்ணில் படாத வரிகள் பல பட்டியல்களில் மரத்திலும் இருக்காது என்பதால் உருட்டித் தேடும்படி எழுத வேண்டும்.
4. வரிசை எண், வேறு நாதியே இல்லாதபோது.

## வாசகத்தைச் சரிபார்ப்பது வேறு வேலை

அடையாளப்பெயரால் பொத்தானைப் பிடித்தாகிவிட்டது. அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போது கேட்க வேண்டும். கேட்காவிட்டால், 'உறுதி செய்' இருக்க வேண்டிய இடத்தில் 'ரத்து செய்' என்று அச்சாகியிருந்தாலும் சோதனை வெல்லும். பெயரை மட்டும் நம்பி அழுத்துகிறவருக்கு முகம் தெரியாது.

இங்கே ஒரு நுணுக்கமான தவறு நடக்கிறது. எதிர்பார்க்கும் வாசகத்தைச் சோதனை நிரலில் கையால் எழுதாமல், செயலியின் மொழிக் கோப்பிலிருந்தே எடுத்து ஒப்பிடுங்கள் என்று நல்ல எண்ணத்தோடு அறிவுரை சொல்வார்கள். ஒற்றுத் திருத்தத்தால் சோதனை விழாது என்பது உண்மை. ஆனால் ஆண்ட்ராய்டில் தமிழ்க் கோப்பில் ஒரு வாசகம் விடுபட்டால் இயங்குதளம் சத்தமில்லாமல் இயல்பு மொழிக்குத் தாவிவிடும். திரையில் ஆங்கிலம். சோதனை அதே வழியில் கேட்டதால் அதற்கும் ஆங்கிலம். இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் பச்சை விளக்கு. தமிழைத் தேர்ந்த பாட்டி நடுத் திரையில் ஆங்கிலத்தைப் பார்த்து நிற்பார்.

அதனால் இரண்டையும் பிரிப்பது நல்லது. ஓட்டத்தைப் பார்க்கும் பெரும்பாலான சோதனைகள் வாசகத்தைத் தொட வேண்டியதில்லை. முக்கியமான பத்துப் பன்னிரண்டு வாசகங்களுக்கு மட்டும் எதிர்பார்ப்பைக் கையால் எழுதி, இயல்பாக்கிய பின் ஒப்பிட்டு, ஒவ்வொரு மொழியிலும் ஓட்டலாம். தமிழ்க் கோப்பில் விடுபட்டது உண்டா என்பதைத் திரையைத் திறக்காமலேயே கோப்புகளை எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம். அடிக்கடி பொய்யாக விழும் சோதனையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய குழு, புலி உண்மையாகவே வரும் நாளிலும் திரும்பிப் பார்க்காது.

## மரத்தில் இருப்பது, திரையில் இல்லாதது

கடைசியாக, எந்தத் தேடுமுறையாலும் பிடிபடாத ஒன்று. உறுப்பு மரத்தில் உள்ள வாசகம் செயலி வைத்த வாசகம்; திரையில் வரையப்பட்டது அது அல்லாமலும் இருக்கலாம். செயலியோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லாமல் வெறும் கட்டங்கள் தெரிந்தாலும் மரத்தில் 'உறுதி செய்' பத்திரமாக இருக்கும். எழுத்துருவைப் பொருத்தத் தெரியாமல் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழுந்தாலும் மரத்தில் குறையிருக்காது. சோதனை வெல்லும்.

இதைவிட அடிக்கடி நடப்பது வெட்டுப்படுவது. ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல்லுக்கு அளந்து வைத்த பொத்தானில் தமிழ் வாசகம் உட்காராது. ஆண்ட்ராய்டு 14 எழுத்தை இருநூறு சதவீதம் வரை பெரிதாக்க விடுகிறது. காவடிக்குப் பதியும் பெரியவர்கள் பலருக்கு அது தேவை. அந்த அளவில் திரையில் நிற்பது 'உறுதி…' மட்டும். பக்கத்திலுள்ள பொத்தானில் 'ரத்து…'. மரத்தைக் கேட்டால் இரண்டும் முழுதாக இருக்கின்றன என்று சொல்லும்.

திரையைப் படமெடுத்து எழுத்தைப் படித்துப் பார்க்கும் மென்பொருள்களில் தமிழுக்கும் பயிற்சி பெற்றவை உண்டு. டெஸ்ஸராக்ட் அவற்றில் ஒன்று. தெளிவான தலைப்பை ஓரளவு படிக்கும், சிறிய பொத்தானில் தடுமாறும். முந்தைய படத்தோடு புதிய படத்தைப் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடும் வழியும் உண்டு. எது மாறியது என்று சொல்லும், மாறியது சரியா என்று சொல்லாது. எனவே சோதனை ஓடும்போதே ஒவ்வொரு திரையையும் நான்கு மொழியிலும், இயல்பான எழுத்திலும் பெரிய எழுத்திலும் படமெடுத்து ஒரு கோப்புறையில் போட்டுவைப்பதுதான் இப்போதைக்கு நடைமுறை. ஆறு திரை என்றால் நாற்பத்தெட்டுப் படம். அவற்றில் பன்னிரண்டு தமிழ். வெளியீட்டுக்கு முந்தின நாள், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு கோப்பைத் தேநீரோடு உட்கார்ந்து அந்தப் பன்னிரண்டையும் பார்க்க வேண்டும்.